இருநூற்றுப் பன்னிரண்டு காலிச் சாக்குகள்

காலிச் சாக்குகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூள் அடைத்து வந்த சாக்கு. சம்பாப் பயிர் பால் பிடிக்கும் சமயத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி விழுந்தால் அப்போதெல்லாம் அந்தத் தூளைத்தான் தூவுவார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வேளாண்மை டிப்போ இருந்தது. அதில் நான் கிடங்குப் பொறுப்பாளன். தூள் தீர்ந்த சாக்குகளைக் கிழித்துக் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை நானே பெரிய எழுத்தில் எழுதிக் கிடங்குக் கதவில் ஒட்டியிருந்தேன்.

எழுபத்தாறு சாக்குகளை எரித்தேன். நூற்று முப்பத்தாறு சாக்குகளை ஜனங்களுக்குக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும் எரிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. புதிய ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அலுவலகச் சுவரில் முதலமைச்சர் படம் இரண்டாவது தடவையும் மாறிவிட்டது. கூலியை அரசாங்கம் நிர்ணயித்து அறிவித்திருந்தது, ஆனால் எங்கள் ஊர் மிராசுதார்கள் தரவில்லை. தை மாதம் அறுவடைக்கு உள்ளூர் ஆட்கள் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் லாரி வைத்து வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் மதகடியில் மறியல் நடந்தது. போலீஸ் வந்தது. பதினாறு ஆண்களைப் பிடித்துத் திருச்சி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அறுவடை எப்படியோ முடிந்துவிட்டது. அந்த வருஷம் தொழிலாளர் தெருவுக்கு ஒரு கட்டு வைக்கோல்கூடக் கிடையாது என்று மிராசுதார்கள் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

வைக்கோல் இல்லை என்றால் என்ன ஆகும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கூரை போகட்டும், படுக்க என்ன செய்வது? எங்கள் பக்கம் தை மாதத்து மண்தரை ஈரத் துணி மாதிரி இருக்கும். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாயைப் போட்டால்தான் படுக்க முடியும். அந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். பிள்ளைகள் இருமிக்கொண்டே இருந்தார்கள். டிப்போவின் பின்வேலிக்கு அப்பால்தான் தெரு. இருமல் என் மேசைக்குக் கேட்கும்.

ஒருநாள் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் டிப்போவுக்கு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் நடவுக் கூட்டத்தை நடத்துகிறவர். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள், மூத்தது ஒன்பது வயது, இளையது நான்கு. கணவர் பிடிபட்ட பதினாறு பேரில் ஒருவர். நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் மிராசுதாரே அவர் வீட்டுக்குத்தான் சொல்லியனுப்புவார். அப்படிப்பட்ட வாய்.

"டிப்போ சார், பின்னாடி மலை மாதிரி சாக்கு கெடக்குதே, என்ன பண்ணப் போறீங்க?"

"எரிக்கணும்மா. உத்தரவு."

"எரிச்சா யாருக்கு லாபம்? சாம்பலைத் தின்னுமா ஒங்க உத்தரவு? புள்ளைங்களுக்கு விரிச்சிக்கிறோம், குடுங்க."

நான் யோசித்தேன். தூள் வந்த சாக்கு, துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் எங்கே துவைப்பார்கள்? ஊர்க் குளத்தில் துவைக்க விடமாட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். வீட்டுக்கு நான்கு என்று கணக்குப் போட்டு எண்ணிக் கொடுத்தேன்.

"எண்ணாம அள்ளிக் குடுங்க சார், எண்ணுனா சுருங்கிப் போயிரும்," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"அவரு மூச்சு விடுறதையே எண்ணித்தான்டி விடுவாரு. சாக்கையா எண்ணாம விட்ருவாரு?" என்றார் முன்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முப்பத்து நான்கு வீடுகள் வாங்கின. ஏழு வீடுகள் வாங்கவில்லை. மிராசுதார் ஆட்களுக்குப் பயந்தவர்கள் மூன்று வீடு, நாற்றம் பிடிக்காதவர்கள் நான்கு வீடு. அந்தத் தூளுக்குப் புழுங்கிய ஒரு வாடை உண்டு. அது துணியில் ஏறினால் போகாது.

அதற்குப் பிறகு நான் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போனால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். எங்கள் குடும்பம் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பள்ளி ஆசிரியர், மனைவியும் ஆசிரியை. ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை.

சாக்கில் ஒட்டியிருந்த தூளும் வீணாகவில்லை. உதறினால் ஒரு பிடி, இரண்டு பிடி விழும். அதைப் பிள்ளைகள் தலையில் தேய்த்துத் துணி கட்டிவிட்டால் மறுநாள் பேன் ஒன்றுகூட உயிரோடு இருக்காது. படுக்கையைச் சுற்றிக் கோடு போட்டால் எறும்பு வராது, மூட்டைப்பூச்சி வராது. தெருவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டிலும் அதுதான். என் மகளுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடத்திலிருந்து பேன் ஏற்றிக்கொண்டு வருவாள். நான்தான் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு சாக்குகள் எங்கள் சமையலறையிலும் கால் மிதியாகக் கிடந்தன. அவை இருநூற்றுப் பன்னிரண்டில் சேராதவை, அதற்கு முந்தைய வருஷத்துச் சாக்குகள்.

மாசிக் கடைசியில் மணல்வாரி வந்தது. தட்டம்மை என்று இன்று சொல்கிறோம். முதலில் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள். மனைவி வந்து சொன்னபோது மதியம் மூன்று மணி.

அந்த நிமிஷம் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இங்கேதான் நான் குற்றவாளி ஆகிறேன். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முந்தைய ஆடி மாதம் தஞ்சாவூரில் எங்களுக்கு நான்கு நாள் பயிற்சி நடந்தது. மூன்றாம் நாள் பேசிய அதிகாரி, தூளைத் தொட்டால் கை கழுவுங்கள், பீடி குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் எழுந்து, தினமும் இதிலேயே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சலித்துக்கொண்டார். "இது உடம்புல கொழுப்புல போய்த் தங்கும். தங்கினா, வேற நோய் வந்தா உடம்பு எதிர்த்து நிக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு. அத்தாட்சி கெடையாது. எல்லாரும் டீக்குப் போலாம்." அவ்வளவுதான். மற்றவர்கள் டீக்குப் போனார்கள். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

மணல்வாரி என்று காதில் விழுந்ததும் நான் என்ன செய்தேன்? மிச்ச நேரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மகளை உட்கார வைத்துச் சீயக்காய் போட்டு மூன்று தடவை தலையை அலசச் சொன்னேன். சமையலறையில் கிடந்த இரண்டு சாக்குகளையும் கொல்லையில் எரித்தேன். மிச்சப் பொட்டலத்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். தரையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். "எதுக்கு இவ்ளோ பதட்டம்? அப்படி என்ன ஆயிடும்?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணும் ஆகாது. சுத்தமா இருக்கட்டும்," என்றேன்.

என் வீட்டிலிருந்து அந்தத் தெரு முந்நூற்று எழுபது அடி. நான் போகவில்லை.

ஒரு வாரத்தில் மணல்வாரி தெருவுக்குள் வந்துவிட்டது. என் மகளுக்கும் வந்தது. ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள்.

அம்மை கண்ட வீட்டு வழக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தாளிக்க மாட்டார்கள். மீன், கறி என்று எந்தக் கவுச்சியும் ஆகாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. இன்னொன்றும் உண்டு: தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் பிள்ளை படுத்திருக்கிற படுக்கையை உதறவோ மாற்றவோ கூடாது. ஆத்தாள் அதில் படுத்திருப்பதாகக் கணக்கு. ஆகவே எந்தச் சாக்கில் முதல் நாள் கிடத்தினார்களோ அதே சாக்கில் பிள்ளைகள் கிடந்தார்கள், வியர்வையோடு, காய்ச்சலோடு, ஏழு நாளும் ஒன்பது நாளும். அது நான் கொடுத்த சாக்கு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தெரு வழியாகப் போனேன். நடவுக்காரம்மா வாசலில் நின்றார். இளைய குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. நான் சைக்கிளை நிறுத்தினேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குழந்தை தெரிந்தது. நனைத்த பழைய புடவை போர்த்தியிருந்தது. தலைமாட்டில் வேப்பிலை. சுற்றிலும் எறும்புக்காகத் தூள்கோடு. போர்வைக்கு வெளியே சாக்கின் ஒரு முனை, அதில் நீல எழுத்து. நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார், சாக்கையே பாக்குறீங்க? திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்குக் கேலி வந்தது.

அதை எடுத்துவிடு, வெறும் தரையில் போட்டாலும் பரவாயில்லை, தூளைக் கூட்டித் தள்ளு என்று சொல்ல வேண்டும். சொற்கள் வாய்வரைக்கும் வந்தன. நான் சொன்னது இது: "இல்ல, இல்ல. கவனமாப் பாத்துக்க."

மறுநாள் தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம். சிறையில் இருப்பவர்களை விடச் சொல்லியும், மிராசுதார் நிலத்தில் குடியிருக்கும் மனையைக் காலி செய்யச் சொல்லாதே என்றும் கேட்டுப் போனார்கள். நடவுக்காரம்மாதான் முன்னால் போக வேண்டும், வேறு வழியில்லை. மூத்த பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவர் திரும்புவதற்கு முன்பே குழந்தை மூச்சுத் திணறி இறந்துவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தை பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பங்குனி முடிவதற்குள் தெருவில் ஐந்து குழந்தைகள் போயின. ஐந்தும் சாக்கு வாங்கிய வீடுகள்.

இதை நான் எப்படியெல்லாமோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தொரு வீட்டில் முப்பத்து நான்கு வீடு சாக்கு வாங்கியது. பெரும்பான்மை அந்தப் பக்கம்தான் இருந்தது. அப்படியானால் ஐந்து சாவும் அங்கேயே விழுந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. வாங்காத ஏழு வீட்டில் பயந்த அந்த மூன்று வீட்டுக்காரர்கள் மிராசுதாருக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிட்டார்கள். சாக்கு வாங்கியவர்கள் வீட்டில் தை முழுக்க ஒரு வேளைக் கஞ்சி. என் மகளும் தூள் தேய்த்தவள்தான், பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பாலும் முட்டையும் சாப்பிட்டவள், அவளுக்குத் தலை கழுவியாகிவிட்டது. எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை வருவதில்லை.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை, சாக்கு கொடுத்தது வெளியே தெரிந்தால் போய்விடும். செங்கொடிக்காரர்கள் தாங்களே பிள்ளைகளைக் கொன்றுகொண்டார்கள் என்று மிராசுதார்கள் பேசுவார்கள். அம்மை வீட்டில் படுக்கையை எடு என்று ஒரு கிறிஸ்தவன் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் உண்மை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எழுந்து நின்ற பெண்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்களே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்வேன். நினைவினாலும் சொல்லாலும் செய்கையாலும் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம். நீல எழுத்துச் சாக்கு என்று அதில் எங்கும் வராது.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. திருப்பனந்தாள் பக்கம் ஆறு வருஷம், வேதாரண்யத்தில் நான்கு வருஷம், அப்புறம் மறுபடி இந்தப் பக்கம். ஓய்வு பெற்று, அப்போது குடியிருந்த இடத்தையே வாங்கி வீடு கட்டி, மனைவியை அடக்கம் செய்து, இந்த ஊரிலேயே இருக்கிறேன். அந்தத் தூளைத் தடை செய்தே பல காலம் ஆகிறது.

கொரோனா வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டார்கள். வயதானவர்களுக்கு வராந்தாவில் நாற்காலி. எனக்கு நாற்பத்தாறாவது டோக்கன். நாற்பத்தேழாவது டோக்கனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் நடவுக்காரம்மா. எண்பது வயது, ஆனால் குரல் அப்படியே இருந்தது.

"டிப்போ சாரா? இன்னும் இருக்கீங்களா? கொரோனாவுக்குக் கதவ மூடுனவரு, போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் போன் அடித்தது. கூப்பிட்டது மூத்த மகள், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கும் இப்போது அறுபது ஆகிறது. போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார், அதனால் எனக்கும் கேட்டது.

"ஊசி போட்டாச்சா இல்லியா? ஊர்வலம் கீர்வலம்னு எங்கயும் கெளம்பிறாத. ஒனக்கு அதான் பெருசு. அன்னிக்கே வீட்டுல ஒண்ண சாவக் குடுத்தவதான நீ."

அவர் போனை மடியில் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அவ சொல்றது நெசந்தான் சார். அன்னிக்கு ஊர்வலத்துல சோறு போட்டாங்க. கருவாட்டுக் கொழம்பு. வீட்டுல ஆத்தா வந்திருக்கா, தெரியும். ரெண்டு நாளாப் பட்டினி. தின்னுட்டேன். தின்ன நேரந்தான் புள்ள போச்சு. அதுக்கப்புறம் மீனு, கருவாடு எதையும் தொட்டதில்ல. என்ன பண்ணி என்ன, ஆத்தா திருப்பிக் குடுத்துருவாளா?"

இத்தனை வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? குழந்தைகள் சாவது அந்தக் காலத்தில் சகஜம், விதி என்று அழுது முடித்திருப்பார்கள் என்றுதான். ஒருத்தி அந்தப் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, மகள் வாயாலும் அதைக் கேட்டுக்கொண்டு, இத்தனை வருஷமும் மீன் தின்னாமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருமல் வந்து, மூச்சுக்காக மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். சின்ன வயசுக்காரர். நான் கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன்.

"சார், இன்னிக்கு எத்தனை?" என்றார்.

"ஏழு."

"ரெண்டுதான் அலவ்டு. வெளியில கூட்டம் நிக்குது."

மற்ற ஆறையும் மடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தத் தூள் உடம்பில் தங்கினால், வைரஸ் நோய் வரும்போது உடம்பு எதிர்க்காமல் போகுமா? அவர் பேனாவை வைத்தார். "இருக்கலாம் சார். அந்த மாதிரி சில ரசாயனம் நோயை எதிர்க்கிற செல்லு வேலையைக் கெடுக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அந்தப் பழைய பவுடர் மட்டுமில்ல, இப்ப நாம தெனம் தொடுற பாத்திரம், பிளாஸ்டிக்குல இருக்கிற சிலதையும் சந்தேகப்படுறாங்க. ஆனா ஒரு ஆளு எதனால செத்தார்னு அதை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல பட்டினியா இருந்த குழந்தைக்குத் தட்டம்மை மட்டுமே போதும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், நீங்க கையாண்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அப்படியும் நான் உடனே போகவில்லை. பதினோரு மாதம் ஆயிற்று. முந்நூற்று எழுபது அடி தூரத்துக்குப் பதினோரு மாதம்.

போன வைகாசியில் ஒரு காலை போனேன். இப்போது அது காங்கிரீட் வீடு, அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் முகக்கவசம் போட்டிருந்தேன்.

"வாங்க சார். மூஞ்சியத் தொறங்க, யாருன்னு தெரிய வேணாம்? இன்னமுமா ஒங்களுக்குப் பயம்?"

உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் அவரை நான் 'நீ' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று 'நீங்க' என்று ஆரம்பித்தேன். அவர் உடனே நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன். சாக்கு, தூள், டாக்டர் சொன்னது எல்லாம். கடைசியில், "நிச்சயமாச் சொல்ல முடியாது. இருக்கலாம், அவ்வளவுதான். ஆனா நீங்க சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றேன்.

அவர் கீரையை விடவில்லை. இரண்டு காம்பு உருவினார்.

"இருக்கலாமா?" என்றார். "நான் தின்ன கருவாட்டாலதான் போச்சுன்னு தெருவே சொன்னப்ப ஒருத்தராச்சும் 'இருக்கலாம்'னு சொன்னாங்களா சார்? எனக்கு மட்டும் நிச்சயமா, ஒங்களுக்கு இருக்கலாமா?"

இன்னொரு காம்பை எடுத்து உருவினார்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல அங்கேயும் இடம் இருந்தது. டாக்டர் போன வருஷம் சொன்னார் என்றால் முடிந்துவிடும். "அப்பவே சந்தேகம்," என்றேன். "மணல்வாரின்னு கேட்ட அன்னிக்கே என் பொண்ணு தலையை அலசிட்டேன். எங்க வீட்டுச் சாக்கை எரிச்சிட்டேன்."

"ஒங்க வீட்டுதை எரிச்சிட்டுத்தான் அன்னிக்கு வாசல்ல வந்து நின்னீங்களா?"

"ஆமா."

"பாத்துட்டு, கவனமாப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனீங்க."

அந்தச் சொற்களை அவர் மறக்கவில்லை. நான் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். "அம்மை படுக்கையை எடுக்கச் சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"எடுத்துருப்பேன் சார்," என்றார். குரல் உயரவில்லை. "ஆத்தா கால்ல விழுந்துட்டு எடுத்துருப்பேன். நீங்க சொல்லி நான் எதைச் செய்யல? துவைக்கச் சொன்னீங்க, துவைக்கத் தண்ணி இல்ல, அது ஒண்ணுதான் செய்யல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

"யாருக்கு?" என்றேன்.

"மூத்தவளுக்கு. என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க. எனக்கு ஒங்க 'இருக்கலாம்' போதாது சார், ஆனா அவளுக்கு அதாச்சும் தெரியணும். என்னை அம்மான்னு கூப்புட்டுப் பேச்சை ஆரம்பிச்சு எத்தன வருசம் ஆவுது தெரியுமா?"

போனை என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல். "என்ன? வேலையில இருக்கேன், சீக்கிரம் சொல்லு," என்றது ஒரு குரல்.

"நான் டிப்போவுல இருந்தவன்மா. சாக்கு குடுத்தேனே, அவன்."

"ம். அதுக்கென்ன இப்ப?"

சொன்னேன். நேரில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன், முன்பின்னாக. தலை அலசியதைச் சொன்னேன். வாசலில் நின்றதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றியது, அன்று அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த ஒன்பது வயதுக் குழந்தையும் இந்தக் குரல்தான் என்று. எப்படியோ இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையை நான் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. நான் முடித்த பிறகு மிஷின் சத்தம் குறைந்தது. எங்கோ வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"நான் அந்தச் சாக்கை இழுத்து நேராப் போட்டுவிட்டேன்," என்றார் மகள். "கோணலாக் கெடந்துச்சு, அவளுக்குக் குத்துமேன்னு." அப்புறம், "அம்மாகிட்ட குடுங்க," என்றார்.

கொடுத்தேன். நடவுக்காரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கம் முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "ம்" என்றார். "ம்... சொல்லு." கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து, சத்தம் இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது சில காலைகளில் அவர் கடைக்குப் போகும்போது என் வாசல் வழியாகப் போகிறார். பார்க்கிறார், ஆனால் பேசுவதில்லை. நான் எழுந்து நிற்கிறேன்.